வெயில் ஏன் 'சதம்' அடிக்கிறது? ஃபாரன்ஹீட் வெப்பமானியும் அதன் விசித்திரமான எண்களும்

கோடை தொடங்கிவிட்டால் தமிழ் நாளிதழ்களில் 'பத்து இடங்களில் வெயில் சதம்' என்பது போன்ற தலைப்புகள் வரத் தொடங்கும். கரூர் பரமத்தி, வேலூர், ஈரோடு, திருத்தணி என்று ஊர்களும், அவற்றுக்கு நேராக 102, 104 என்று எண்களும் இருக்கும். அன்றைய வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையிலோ அதே ஊர்களுக்கு 38.9, 40 என்று போட்டிருக்கும். முதலில் உள்ளவை ஃபாரன்ஹீட் கணக்கு, அடுத்தவை செல்சியஸ் கணக்கு. இரண்டும் ஒரே வெப்பநிலையைத்தான் சொல்கின்றன. வீட்டில் காய்ச்சல் பார்க்கும்போதும் 'நூற்றிரண்டு இருக்கிறது' என்றுதான் சொல்கிறோம். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று சொல்பவர்கள் குறைவு.

இங்கே பலருக்கும் எழும் கேள்விகள் சில உண்டு. தண்ணீர் உறையும் புள்ளிக்குப் பூஜ்யம் என்று வைக்காமல் 32 என்று ஏன் வைத்தார்கள்? கொதிக்கும் புள்ளி 212 ஆனது எப்படி? இயல்பான உடல் வெப்பம் 98.6 என்ற ஒழுங்கற்ற எண்ணில் போய் நிற்பது ஏன்? இவற்றுக்கான விடைகளில் பெரும்பகுதி 1708-க்கும் 1724-க்கும் இடைப்பட்ட காலத்தில், கருவி செய்து விற்ற ஒருவரின் வேலையில் இருக்கிறது. அந்த எண்களை வகுத்தது அவருடைய சாதனையில் சிறு பங்குதான். இரண்டு வெப்பமானிகளை ஒரே இடத்தில் வைத்தால் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும்படி செய்ததே பெரிய பங்கு. இன்று இது சாதாரணமாகத் தோன்றுகிறது. 1700-இல் யாராலும் அதை நம்பகமாகச் செய்ய முடியவில்லை.

வெப்பமானி எதை அளக்கிறது?

கண்ணாடி வெப்பமானி வெப்பத்தை நேராக அளப்பதில்லை. அது அளப்பது ஒரு திரவத்தின் விரிவை. கீழே ஒரு குமிழ், அதிலிருந்து மேலே செல்லும் மெல்லிய குழாய், உள்ளே திரவம் என்பதே அமைப்பு. சூடானால் திரவம் விரிந்து குழாயில் ஏறுகிறது. குளிர்ந்தால் சுருங்கி இறங்குகிறது.

விரிவு மிகச் சிறியது. குமிழில் ஒரு கன சென்டிமீட்டர் பாதரசம் இருப்பதாகக் கொள்வோம். வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், கண்ணாடியின் விரிவையும் கழித்துப் பார்க்கும்போது, பாதரசம் கூடுவது சுமார் 0.16 கன மில்லிமீட்டர் மட்டுமே. குழாயின் உட்துளை 0.1 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ளதாக இருந்தால் இந்தச் சிறு விரிவு 1.6 மில்லிமீட்டர் உயரமாகத் தெரியும். கண்ணால் படிக்க அது போதும். ஆனால் அதே குழாயின் துளைப் பரப்பு சற்று மேலே பத்தில் ஒரு பங்கு கூடியிருந்தால் அங்கே அதே ஒரு டிகிரிக்கு ஏற்றம் 1.45 மில்லிமீட்டராகக் குறைந்துவிடும். குழாயைக் கையால் ஊதி இழுத்துச் செய்த காலத்தில் இந்த அளவு வேறுபாடு வெகு சாதாரணம்.

ஆகவே, இரண்டு வெப்பமானிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போக மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்.

1. குழாயின் துளை முழு நீளத்துக்கும் சீராக இருக்க வேண்டும், அல்லது சீரற்ற இடங்களைக் கணக்கிட்டு அளவுக்கோடுகளைத் திருத்த வேண்டும்.

2. திரவம் ஒவ்வொரு கருவியிலும் ஒரே தூய்மையுடன் இருக்க வேண்டும். வெப்பம் கூடும் விகிதத்திலேயே அது விரியவும் வேண்டும்.

3. எந்த ஊரில், எந்தப் பருவத்தில் செய்தாலும் மாறாத 'நிலைப்புள்ளிகள்' குறைந்தது இரண்டு வேண்டும். அந்த இரண்டையும் குழாயில் குறித்துக்கொண்டு, இடைவெளியைச் சம பாகங்களாகப் பிரித்தால் டிகிரி கிடைக்கிறது.

இவற்றில் முதல் இரண்டும் கைத்திறனைச் சார்ந்தவை. மூன்றாவது இயற்கையைப் பற்றிய கேள்வி: மாறாத வெப்பநிலை என்று ஒன்று உண்டா? மாறுகிறதா இல்லையா என்று சோதிக்க நல்ல வெப்பமானி வேண்டும். நல்ல வெப்பமானி செய்ய மாறாத புள்ளி வேண்டும். இந்தச் சுழலில்தான் பதினேழாம் நூற்றாண்டு சிக்கிக் கிடந்தது.

1700-இல் நிலைமை

கலிலியோ காலத்துக் கருவிகள் திறந்த வாய் கொண்டவை. அவற்றில் சூடு மாறினாலும் திரவம் நகரும், காற்றழுத்தம் மாறினாலும் நகரும். எதனால் நகர்ந்தது என்று பிரித்தறிய வழியில்லை. 1650-களில் ஃபிளாரன்ஸ் நகரில் குழாயின் வாயைக் கண்ணாடியாலேயே மூடி, உள்ளே சாராயம் நிரப்பிய வெப்பமானிகளைச் செய்தார்கள். காற்றழுத்தத்தின் தலையீடு அதோடு நீங்கியது. அளவுகோல் மட்டும் இன்னும் கருவிக்குக் கருவி வேறாகவே இருந்தது.

நிலைப்புள்ளிகளுக்காக முன்மொழியப்பட்டவற்றைப் பார்த்தால் அன்றைய தவிப்பு புரியும். 1688-இல் பிரான்சின் தலான்சே, தண்ணீர் உறைவதை ஒரு புள்ளியாகவும் வெண்ணெய் உருகுவதை இன்னொரு புள்ளியாகவும் கொள்ளலாம் என்றார். வெண்ணெய் எந்த மாட்டின் பாலில் எடுத்தது, உப்பிட்டதா இடாததா என்பதைப் பொறுத்து உருகும் சூடு மாறும் என்பதை நம் வீடுகளில் வெண்ணெய் காய்ச்சுபவர்கள் எளிதில் ஒப்புக்கொள்வார்கள். பாரிஸ் வானாய்வகத்தின் ஆழமான நிலவறையின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் மாறாதது என்று கருதி அதையும் சிலர் புள்ளியாகக் கொண்டார்கள். 1701-இல் நியூட்டன் தம் பெயரைப் போடாமல் வெளியிட்ட கட்டுரையில், ஆளிவிதை எண்ணெய் நிரப்பிய வெப்பமானியைக் கொண்டு, பனி உருகுவதற்குப் பூஜ்யமும் மனித உடல் வெப்பத்துக்கு 12-உம் வைத்தார்.

பாரிஸில் கியோம் ஆமோன்தோன் 1702-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காற்றின் அழுத்தத்தைக் கொண்டு வெப்பம் அளக்கும் ஒரு கருவியை உருவாக்கினார். அதைக் கொண்டு, தண்ணீர் கொதிக்கத் தொடங்கியபின் எவ்வளவு தீ வைத்தாலும் அதன் சூடு மேலே போவதில்லை என்று உறுதிசெய்தார். ஒரு நல்ல நிலைப்புள்ளி கிடைத்துவிட்டது. ஆனால் அவருடைய கருவி நான்கடி உயரத்துக்குக் குறையாதது. காற்றழுத்தமானியை அருகில் வைத்து ஒவ்வொரு முறையும் கணக்குத் திருத்த வேண்டியது. அதைத் தூக்கிக்கொண்டு போய் நோயாளியின் அக்குளில் வைக்க முடியாது.

கருவி செய்பவர் வருகிறார்

டேனியல் காபிரியேல் ஃபாரன்ஹீட் 1686-இல் டான்சிக் நகரில் (இன்று போலந்தின் கதான்ஸ்க்) வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். 1701 ஆகஸ்டில் விஷக் காளானைத் தின்றதால் தாயும் தந்தையும் ஒரே நாளில் இறந்தனர். பாதுகாவலர்கள் அவரை வணிகம் கற்க ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் மனம் கணக்குப் புத்தகத்தில் நிற்காமல் கண்ணாடிக் கருவிகளின் பக்கம் போயிற்று. பயிற்சிக் காலம் முடிந்ததும் ஊர் ஊராகச் சென்று கருவி செய்பவர்களையும் அறிஞர்களையும் சந்தித்தார். 1708-இல் கோபன்ஹேகனில் வானியலாளர் ஓலே ரோமரைச் சந்தித்தது முக்கியமானது. ஒளிக்கு வேகம் உண்டு என்று வியாழனின் துணைக்கோள்களைக் கொண்டு 1676-இல் காட்டியவர் இந்த ரோமர்தான். அவர் தம் வெப்பமானிகளுக்கு இரண்டு நிலைப்புள்ளிகளைக் கொண்டு அளவிடும் முறையைப் பின்பற்றிவந்தார்.

1714-இல் ஹாலே பல்கலைக்கழகப் பேராசிரியர் கிறிஸ்டியன் வோல்ஃபிடம் ஃபாரன்ஹீட் இரண்டு சாராய வெப்பமானிகளைக் கொடுத்தார். வோல்ஃப் அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தார். இரண்டும் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின, ஒரே எண்ணைக் காட்டின. வியந்துபோன வோல்ஃப் இதையே ஒரு செய்தியாக எழுதி அன்றைய முன்னணி அறிவியல் இதழில் வெளியிட்டார். இரண்டு வெப்பமானிகள் ஒத்துப்போவது இதழில் வெளியிடத்தக்க புதுமையாக இருந்தது என்பதிலிருந்தே அதுவரை இருந்த நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

ஏன் பாதரசம்?

1724-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஃபாரன்ஹீட் வரிசையாக ஐந்து சிறு கட்டுரைகளை வெளியிட்டார். அதே ஆண்டில் அச்சங்கத்தின் உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தண்ணீர் ஒரே சூட்டில் கொதிக்கிறது என்ற ஆமோன்தோனின் முடிவைப் பத்தாண்டுகளுக்கு முன் படித்ததாகவும், அந்த நிகழ்ச்சியைத் தம் கண்ணாலேயே பார்க்கும் ஆசை பிறந்ததாகவும் அவர் அதில் எழுதுகிறார். ஆமோன்தோனின் பெரிய கருவியைச் செய்ய அவர் முயன்றது கைகூடவில்லை. அப்போது, காற்றழுத்தமானியில் உள்ள பாதரசத்தின் உயரம் அறையின் சூட்டுக்கேற்பச் சிறிது மாறுகிறது, அதைத் திருத்திக் கணக்கிட வேண்டும் என்று ஆமோன்தோனே எழுதியிருந்தது அவருக்கு நினைவுக்கு வந்தது. அழுத்தம் அளப்பவருக்குத் தொல்லையாக இருந்த அந்தச் சிறு மாற்றத்தை வைத்தே வெப்பம் அளக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது.

சாராயத்தோடு ஒப்பிட்டால் பாதரசத்தின் விரிவு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். அந்த ஒரு வகையில் பார்த்தால் அது மோசமான தேர்வு. மிக நுண்ணிய துளையுள்ள குழாய் இல்லாமல் அதைப் பயன்படுத்த முடியாது. மற்ற எல்லா வகையிலும் அது மேலானது. சாராயம் 78 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால் அதைக் கொண்டு கொதிநீரை அளப்பது கடினம். பாதரசம் சுமார் மைனஸ் 39-இல் உறைந்து 357-இல்தான் கொதிக்கிறது. கண்ணாடியில் ஒட்டாமல் நகர்கிறது. சூட்டை விரைவாக வாங்கிக்கொள்கிறது. அழுக்குப் பாதரசம் குழாயில் வால்விட்டு நிற்கும் என்பதால் அதைத் தூய்மை செய்யும் முறையையும் ஃபாரன்ஹீட் உருவாக்கிக்கொண்டார். உருண்டைக் குமிழுக்குப் பதில் நீண்ட உருளை வடிவக் குமிழை அமைத்தார். உருளையில் உள்ளிருக்கும் திரவத்துக்குச் சூடு சீக்கிரம் போய்ச்சேரும். இவை எல்லாமே பட்டறைக்காரரின் தீர்வுகள். கருவி விற்றுப் பிழைப்பவர் என்பதால் செய்முறையை அவர் வெகுகாலம் வெளியில் சொல்லவும் இல்லை.

32-உம் 96-உம் எங்கிருந்து வந்தன?

லெய்டன் நகரின் புகழ்பெற்ற மருத்துவப் பேராசிரியர் ஹெர்மன் பூர்ஹாவேக்கு 1729-இல் எழுதிய கடிதத்தில் ஃபாரன்ஹீட் இதை விளக்கியிருக்கிறார். ரோமரின் அளவுகோலில் பனிக்கட்டியும் நீரும் கலந்த கலவைக்கு 7½, உடல் வெப்பத்துக்கு 22½ என்று இருந்தன. பின்னங்கள் ஃபாரன்ஹீட்டுக்குத் தொல்லையாகப்பட்டன. ஒவ்வொரு டிகிரியையும் நான்காகப் பிரித்தால் அவை 30, 90 ஆகும். பின்னர் அவற்றைச் சற்று மாற்றி 32, 96 என்று அமைத்துக்கொண்டார்.

ஏன் இந்த மாற்றம் என்பதற்கு ஒரு பொருத்தமான காரணம் உண்டு. 32-க்கும் 96-க்கும் இடையே 64 டிகிரிகள். பூஜ்யத்துக்கும் 32-க்கும் இடையே 32. இரண்டுமே இரண்டின் அடுக்குகள். கவராயத்தை வைத்து இடைவெளியைப் பாதியாக்கி, அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கி, ஆறு முறை இப்படிச் செய்தால் 64 சம பாகங்கள் வந்துவிடும். அறுபதையோ நூறையோ சமமாகப் பிரிக்க ஐந்தால் வகுக்க வேண்டும். குழாய் மீது அதைக் கையால் செய்வது கடினம்.

1724 கட்டுரையில் அவர் தரும் நிலைப்புள்ளிகள் மூன்று:

1. பனிக்கட்டி, நீர், நவச்சாரம் (அல்லது கடல் உப்பு) சேர்ந்த கலவை: 0

2. உப்பில்லாமல் பனிக்கட்டியும் நீரும் மட்டும் சேர்ந்த கலவை: 32

3. ஆரோக்கியமான மனிதரின் வாயில் அல்லது அக்குளில், உடற்சூட்டை முழுதாக வாங்கும்வரை வைத்தால்: 96

தண்ணீரின் கொதிநிலை இந்தப் பட்டியலிலேயே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 212 என்பது அவர் வகுத்த புள்ளி அல்ல. மேலே சொன்ன புள்ளிகளை வைத்து அளவிட்ட வெப்பமானியைக் கொதிக்கும் மழைநீரில் வைத்தபோது அது காட்டிய எண். சாராயம் 176-இலும் கந்தக அமிலம் 546-இலும் கொதிப்பதாகவும் தாம் தந்த கொதிநிலைப் பட்டியலில் எழுதியிருக்கிறார்.

பூஜ்யத்தைக் குளிர்ந்த உப்புக் கலவையில் வைத்ததால் ஒரு நடைமுறைப் பயன் கிடைத்தது. வட ஐரோப்பாவின் குளிர்காலத்திலும் பெரும்பாலான நாட்களில் எதிர்ம எண்களை எழுத வேண்டியிருக்கவில்லை. ஆனால் மூன்று புள்ளிகளில் மிகவும் பலவீனமானது இந்தப் பூஜ்யம்தான். இந்தச் சோதனை கோடையைவிடக் குளிர்காலத்தில் நன்றாக அமைகிறது என்று ஃபாரன்ஹீட்டே குறிப்பிடுகிறார். அதாவது, அது பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. இன்றைய அளவீட்டில் கடல் உப்பும் பனியும் சேர்ந்த கலவை சுமார் மைனஸ் 21 டிகிரி செல்சியஸ்வரை குளிரக்கூடியது. நவச்சாரக் கலவை மைனஸ் 15, 16-ஐ ஒட்டி நிற்கும். ஃபாரன்ஹீட்டின் பூஜ்யமோ மைனஸ் 17.8. 'இது அல்லது அது' என்று அவர் எழுதிய இரண்டு கலவைகளுமே அந்த எண்ணில் சரியாக அமையவில்லை. நடைமுறையில் அவர் வெப்பமானிகளைத் தாங்கி நின்றவை 32-உம் 96-உம்தான் என்று கருத இது இடம் தருகிறது.

96 எப்படி 98.6 ஆனது?

மனித உடல் வெப்பம் முன்னூறு ஆண்டுகளில் இரண்டரை டிகிரி ஏறிவிடவில்லை. மாறியது அளவுகோல். ஃபாரன்ஹீட் 1736-இல் இறந்தபின், உடலைவிடக் கொதிநீரே நம்பத்தக்க மேல்புள்ளி என்று கருவி செய்பவர்கள் முடிவுக்கு வந்தார்கள். ஹென்றி கேவண்டிஷ் தலைமையில் ராயல் சொசைட்டி அமைத்த குழு, கொதிக்கும் நீரில் அல்லாமல் அதன் ஆவியில் வைத்து, குறிப்பிட்ட காற்றழுத்தத்தில் 212-ஐக் குறிக்க வேண்டும் என்று 1777-இல் விதிகளை வெளியிட்டது. 32-உம் 212-உம் நிலைப்புள்ளிகளாகி, இடையில் 180 டிகிரிகள் அமைந்தன. புதிய கோட்டில் உடல் வெப்பம் தனக்கு நேர்ந்த இடத்தில் போய் நின்றது.

அந்த இடம் ஏன் தசமப் புள்ளியோடு 98.6 என்று இருக்கிறது என்பது வேறு கதை. ஜெர்மானிய மருத்துவர் வுண்டர்லிஹ் 1868-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் இயல்பான உடல் வெப்பம் சுமார் 37 டிகிரி செல்சியஸ் என்றார். அந்த முழு எண்ணை 1.8-ஆல் பெருக்கி 32-ஐக் கூட்டினால் 98.6 வருகிறது. '37-ஐ ஒட்டி' என்ற தோராயமான கூற்று, மாற்றிக் கணக்கிட்டதும் பத்தில் ஒரு டிகிரி துல்லியம் இருப்பது போன்ற தோற்றத்தைப் பெற்றுவிட்டது. காய்ச்சலுக்கு மருத்துவர்கள் சொல்லும் 100.4 என்ற எல்லையும் அப்படித்தான். அது 38 டிகிரி செல்சியஸின் மறுவடிவம். 98.4 இருந்தால் குறைவு, 98.8 இருந்தால் கூடுதல் என்று கவலைப்படுவதற்கு ஒரு அடிப்படையும் இல்லை. நாளின் நேரத்துக்கேற்பவே உடல் வெப்பம் அதைவிட அதிகமாக மாறுகிறது.

புதிய கருவி காட்டியவை

நம்பகமான வெப்பமானி கையில் வந்ததும் அதுவரை கண்ணில் படாத நிகழ்வுகள் தெரியவந்தன. அவற்றில் சிலவற்றை முதலில் கண்டவர் ஃபாரன்ஹீட்டேதான்.

1721-இல் அவர் ஒரு கண்ணாடிக் குமிழில் மழைநீரை நிரப்பி, காற்றை நீக்கி, வாயை மூடி, 15 டிகிரி ஃபாரன்ஹீட் குளிரில் வைத்தார். உறைநிலையைவிட 17 டிகிரி குறைவு. நீர் எப்போதோ கட்டியாகியிருக்க வேண்டும். மறுநாள் காலையிலும் அது நீராகவே இருந்தது. குமிழின் நுனியை உடைத்ததும் நீருக்குள் பனித்துகள்கள் திடீரெனப் பரவின. அதில் வைத்த வெப்பமானி 32-க்கு ஏறியது. குளிர்ச்சி மட்டும் போதாது, உறைதல் தொடங்க ஒரு தூண்டுதலும் வேண்டும் என்பதையும், உறையும்போது நீர் வெப்பத்தை வெளிவிடுகிறது என்பதையும் அந்த ஒரு குமிழ் காட்டியது. இரண்டாவதன் முழுப் பொருள் விளங்க மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின. பனி உருகி முடியும்வரை எவ்வளவு சூடு கொடுத்தாலும் வெப்பமானி அசையாமல் நிற்பதைக் கொண்டு, வெப்பத்தின் அளவு வேறு, வெப்பநிலை வேறு என்று கிளாஸ்கோவில் ஜோசஃப் பிளாக் 1760-களில் விளக்கினார். 'உள்ளுறை வெப்பம்' என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான்.

அடுத்து, கொதிநிலை காற்றழுத்தத்தைப் பொறுத்தது என்பதை ஃபாரன்ஹீட் கண்டார். ஆமோன்தோனின் 'மாறாத புள்ளி' அழுத்தம் மாறினால் மாறும். இதைக் குறையாகக் கருதாமல், தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையைப் பார்த்தே காற்றழுத்தத்தைக் கணக்கிடும் ஒரு கருவியை அவர் முன்மொழிந்தார். இந்த விளைவை நாம் உதகையில் காணலாம். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பானையில் பருப்பு வேக நேரமாவது இதனால்தான்.

மருத்துவத்தில் இதன் வரவு மெதுவாகவே நடந்தது. பூர்ஹாவே ஃபாரன்ஹீட்டின் வெப்பமானிகளைப் பயன்படுத்தினார். அவருடைய மாணவர் அன்டோன் டி ஹேன் வியன்னா மருத்துவமனையில் நோயாளிகளின் வெப்பத்தை முறையாகக் குறித்துவந்தார். காய்ச்சலின் தொடக்கத்தில் நோயாளி குளிரால் நடுங்கும்போதே உடல் வெப்பம் ஏறிக்கொண்டிருக்கிறது என்று அவர் கண்டது, நோயாளியின் உணர்வையும் மருத்துவரின் கையையும் மட்டும் நம்பியிருந்த பழக்கத்துக்கு எதிரான வலுவான சான்று. இருந்தும், வெப்பமானி ஓரடி நீளமாக இருந்தவரை சாதாரண மருத்துவர் அதைத் தொடவில்லை. 1860-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் கிளிஃபோர்ட் ஆல்பட் ஆறங்குல நீளத்தில், ஐந்து நிமிடத்தில் அளவு காட்டும் கருவியை வடிவமைத்தபின்தான் அது மருத்துவரின் பைக்குள் வந்தது.

ஒத்துப்போதலுக்கும் எல்லை இருந்தது. பூர்ஹாவேக்கு ஃபாரன்ஹீட் செய்துகொடுத்த சாராய வெப்பமானியும் பாதரச வெப்பமானியும் எல்லா இடத்திலும் சரியாகப் பொருந்தவில்லை. கண்ணாடி வெவ்வேறு வகை என்பதே காரணம் என்று ஃபாரன்ஹீட் நினைத்தார். அதற்கும் பங்குண்டு. முக்கியக் காரணம், சாராயம் சூடு கூடக் கூட மேலும் வேகமாக விரிகிறது என்பது. பாதரசமும் முற்றிலும் சீரானதல்ல. எந்தத் திரவம் 'உண்மையான' வெப்பநிலையைக் காட்டுகிறது என்ற கேள்வி, எந்தப் பொருளையும் சாராத கெல்வின் அளவுகோல் வரும்வரை தீரவில்லை.

இந்தியாவில் ஏன் இரண்டு கணக்கு?

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவில் நாட்டுக்கு ஒரு அளவுகோல் இருந்தது. பிரான்சில் ரேயோமூர் 1730-இல் உறைநிலைக்கு 0, கொதிநிலைக்கு 80 என்று வகுத்தது பரவியிருந்தது. ரஷ்யாவில் தெலீல் வகுத்த முறையில் கொதிநிலை 0, உறைநிலை 150. சுவீடனின் ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742-இல் முன்மொழிந்ததிலும் கொதிநிலைதான் 0, உறைநிலை 100. அவர் இறந்த பிறகே அது தலைகீழாக்கப்பட்டு இன்றைய வடிவத்துக்கு வந்தது. பிரிட்டன் ஃபாரன்ஹீட்டை ஏற்றுக்கொண்டது. அங்கிருந்து அது பிரிட்டிஷ் ஆட்சி நடந்த இடங்களுக்கெல்லாம் போனது. சென்னை வானாய்வகம் 1792-இல் தொடங்கப்பட்டு, 1796 முதல் வானிலைக் குறிப்புகளைப் பதிவுசெய்துவந்தது. ஆங்கிலேயக் கருவிகளோடு ஆங்கிலேய அளவுகோலும் இங்கே வேர்விட்டது. 1950-களின் பிற்பகுதியில் இந்தியா மெட்ரிக் முறைக்கு மாறியபோது வானிலைத் துறை செல்சியஸுக்குப் போய்விட்டது. காய்ச்சல் பார்ப்பதிலும் வெயில் செய்தியிலும் பழைய எண்கள் தங்கிவிட்டன.

எனவே இரண்டையும் கலந்து படிக்கும்போது கவனிக்க வேண்டியவை சில:

1. செல்சியஸ் எண்ணை இரட்டித்து, அதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்து, 32-ஐக் கூட்டினால் ஃபாரன்ஹீட் வரும். 40-ஐ இரட்டித்தால் 80. எட்டைக் கழித்தால் 72. 32-ஐக் கூட்டினால் 104.

2. வெப்பநிலை வேறு, வெப்பநிலை வேறுபாடு வேறு. 'சராசரியைவிட 2 டிகிரி செல்சியஸ் உயரும்' என்ற செய்தியை ஃபாரன்ஹீட்டில் எழுதினால் 3.6 டிகிரி உயரும் என்றுதான் எழுத வேண்டும். 32-ஐக் கூட்டி 35.6 டிகிரி உயரும் என்று எழுதுவது பெரும் பிழை. புவி வெப்பமாதல் பற்றிய செய்திகளில் வரும் 1.5 டிகிரி செல்சியஸ் என்பதும் 2.7 டிகிரி ஃபாரன்ஹீட் உயர்வுதான்.

3. நேற்று 20, இன்று 40 என்றால் சூடு இரட்டிப்பாகிவிட்டது என்று பொருளில்லை. இரண்டு அளவுகோல்களிலும் பூஜ்யம் மனிதர்கள் வசதிக்காக வைத்த இடம்.

4. 'சதம்' என்பதற்கு வானிலையியலில் தனிப் பொருள் கிடையாது. 100 டிகிரி ஃபாரன்ஹீட் என்பது 37.8 டிகிரி செல்சியஸ். வெப்ப அலை என்று அறிவிக்க, சமவெளியில் குறைந்தது 40 டிகிரி செல்சியஸும், கடலோரத்தில் 37-உம் எட்டியிருக்க வேண்டும். அதோடு பொதுவாக அந்த ஊரின் இயல்பு அளவைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். சித்திரையில் வேலூரில் சதம் அடிப்பது வெப்ப அலை ஆகாது.

5. அறிவிக்கப்படும் எண், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில் வைத்து அளந்த காற்றின் வெப்பநிலை. தார்ச்சாலையின் சூடு அதைவிட மிக அதிகமாக இருக்கும்.

பாதரசத்தின் வெளியேற்றம்

ஃபாரன்ஹீட்டின் பெருமைக்கு அடிப்படையாக இருந்த திரவம் இன்று விலக்கப்பட்டுவருகிறது. பாதரச ஆவி நரம்பு மண்டலத்தையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியது. கொடைக்கானலில் இயங்கிவந்த வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு உடைந்த கண்ணாடிகளோடு பழைய பொருள் கடைக்குப் போனது வெளிப்பட்டு, 2001-இல் அந்த ஆலை மூடப்பட்டது. மண்ணைத் தூய்மை செய்வது பற்றிய சர்ச்சை அதன் பிறகும் பல ஆண்டுகள் நீடித்தது. 2013-இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை, பாதரச வெப்பமானிகளின் உற்பத்திக்கும் ஏற்றுமதி இறக்குமதிக்கும் 2020-ஐ இறுதி ஆண்டாக வைத்தது.

அந்த இடத்துக்கு வந்துள்ள மின்னணு வெப்பமானி, சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் ஒரு சிறு துண்டைக் கொண்டு இயங்குகிறது. அது காட்டும் எண் செல்சியஸா ஃபாரன்ஹீட்டா என்பது உள்ளே நடக்கும் ஒரு பெருக்கல் கூட்டல் மட்டுமே. ஃபாரன்ஹீட் டிகிரிக்கு இன்று பனியோ உப்போ அக்குளோ தேவையில்லை. ஒரு கெல்வினின் (அளவில் ஒரு செல்சியஸ் டிகிரிக்குச் சமம்) ஒன்பதில் ஐந்து பங்கு என்பதே அதன் வரையறை.